லாச்சிக்கு எதற்கு இரண்டு கொண்டி?

தம்பி, அந்தப் பச்சை ஜீப்பின் இரண்டாவது கொண்டியைக் கழற்றியது நீதான். மறுக்காதே. துளைகளை அடைத்து, பட்டி பூசி, தேய்த்து, அதன் மேல் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறாய். வேலை சுத்தம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு மடத்தனத்தை இவ்வளவு சுத்தமாகச் செய்ய நீ என்னிடம் கற்றிருக்க முடியாது. நான் செய்த மடத்தனங்கள் எல்லாம் அசிங்கமாகத்தான் இருந்தன. ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே தெரியும்.

மற்றவர்களுக்கு விஷயம் விளங்காது. பதுளைப் பக்கம் வண்டி வேலை செய்கிறவர்களின் நம் சங்கம் ஒரு மலர் போடுகிறது. ஓய்வு பெற்ற பாஸ்மார், அதாவது மூத்த மேஸ்திரிமார், எல்லாரும் பணி அனுபவங்களை எழுதித் தர வேண்டும், இளம் ஆட்களுக்குப் பயன்படும் என்று கேட்டார்கள். நான் எழுதுவதாக இல்லை. எனக்கு வெல்டிங் வரும், எழுத்து வராது. ஆனால் போன வாரம் அப்புத்தளை கடைத்தெருவில் அந்தப் பச்சை ஜீப்பைக் கண்டேன். என் கையால் வேலை செய்த வண்டி. பக்கத்தில் ஒரு சமையல்காரர் நின்றார். வலது கையில் முழங்கை வரை கட்டு. என்ன ஆயிற்று என்று கேட்டேன். "பிரிட்ஜு கடிச்சிடுச்சிங்க" என்றார். பின்கதவைத் திறந்து பார்த்தேன். பிரிட்ஜை ஓடாமல் பிடித்து நிறுத்துகிற கொண்டி இல்லை. அன்றைக்குத்தான் பேனாவை எடுத்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா ஜீப்பின் பின்பக்கத்தில் வைக்கிற பிரிட்ஜ், மூடியை மேலே தூக்கித் திறக்கிற வகை. அதை அப்படியே உள்ளே வைத்தால் மூடி முழுதாகத் திறக்காது, கையும் எட்டாது. ஆகவே அதை ஒரு தட்டில் கட்டி, தட்டை இரண்டு தண்டவாளத்தில் ஏற்றி, வெளியே இழுக்கும்படி வைக்கிறோம். இவ்வளவுதான். பார்த்தால் சின்ன வேலை. லொறிக்குப் பின்பெட்டி கட்டிய எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. சின்ன வேலை என்று நான் நினைத்த வேலைகள்தான் என்னைக் கவிழ்த்தன. பெரிய வேலைகளுக்குப் பயந்து பயந்து செய்ததால் அவை தப்பின.

தொண்ணூறுகளில் எங்கள் கராஜுக்கு வந்த வேலை எல்லாம் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி, டிராக்டர் பெட்டி, தனியார் பஸ்ஸின் உடைந்த சீட். பிறகு சண்டை நிறுத்தம் வந்தது. எல்ல, அப்புத்தளைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் முதுகில் பை கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்கள் கொழுந்துக் கூடையோடு திட்டிக்கொண்டே ஏறிய மலையை அவர்கள் காசு கொடுத்துச் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். நான் அதைக் கேலி செய்தேன். அந்தோனி கேலி செய்யவில்லை. பச்சை நிறத்தில் நீளமான பழைய ஜீப் ஒன்றை வாங்கிவிட்டார்.

அந்தோனி அப்புத்தளைக்காரர். மனைவி செல்வமேரி. அந்தோனிக்கு வண்டி ஓட்டத் தெரியும், வாயடிக்கத் தெரியும், ஒரு முட்டை பொரிக்கத் தெரியாது. சமையல் செல்வமேரியின் வேலை. மலையில் கூடாரம் அடித்துத் தங்குகிற வெள்ளைக்காரர்கள் அந்த அம்மாவின் கோழிக்கறிக்காகத்தான் அடுத்த ஆட்களையும் அனுப்பிவைப்பார்கள் என்பது கணக்கு. அந்தத் தொழில் முழுவதும் ஒரு பெண்ணின் இரண்டு கையில் நின்றது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

இரண்டு பேரும் கராஜுக்கு வந்தார்கள்.

"பாஸ், வண்டிக்கு இழுப்பு வைக்கணும்" என்றார் அந்தோனி.

இழுப்பு என்றால் எங்களுக்கு மூச்சிழுப்பு. குளிர் காலத்தில் பாதி ஊருக்கு இருக்கும்.

"இழுப்புக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க. இங்க ஏற்கனவே எல்லா வண்டிக்கும் இழுப்புதான்" என்றேன். கராஜ் முழுவதும் சிரித்தது. ஒரு சிரிப்புக் கிடைத்தால் நான் அன்றைக்கு வேலையை மறந்துவிடுவேன், அது என் குணம்.

"இழுத்தா வரணும் பாஸ். பிரிட்ஜு" என்றார் அவர்.

"அட, லாச்சின்னு சொல்லுங்களேன். மேசை லாச்சி. அது ஒரு வேலையா?"

இளம் ஆட்களே, இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள். அந்தச் சொல்தான் பிழை. மேசைக்கு இருக்கிற இழுப்பறைக்கு நாங்கள் சொல்கிற பெயர் லாச்சி. நான் அந்தப் பெயரை வைத்த நிமிஷத்திலிருந்து என் மூளை ஒரு கந்தோர் மேசையை, ஆபீஸ் மேசையை, மட்டுமே பார்த்தது. மேசை நடக்காது. மேசையைச் சரிவில் போட மாட்டார்கள். மேசை லாச்சி திறந்து கிடந்தால் யாருக்கும் கேடில்லை.

மேசை என்று நினைத்ததால் மேசைச் சாமானைத்தான் தேடினேன். தோட்டத்துக் கந்தோர் ஒன்று கழித்துப் போட்ட இரும்பு அலமாரி கராஜின் மூலையில் கிடந்தது. பைல் வைக்கிற வகை. அதன் தண்டவாளங்களைக் கழற்றி ஜீப்பில் பூட்டினேன். வழுவழுவென்று வந்தது. வெறும் பிரிட்ஜைக் கட்டி, சோதனைக்காகப் பசறைக்கு ஓட்டிப் போனோம். அத்தனை வளைவிலும் ஒரு சத்தமில்லை. அந்தோனிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பசறை பஜாரில் நிறுத்திக் கோழி, மீன், ஐஸ், சோடா என்று பிரிட்ஜ் நிறைய வாங்கி அடைத்தார். நான் ஊருக்குக் காட்டுவதற்காக, எல்லாரும் பார்க்க, ஒரு விரலால் இழுத்தேன்.

வந்தது. வந்து, வாழை இலை மாதிரி மெல்லத் தொங்கியது. தண்டவாளம் இரண்டும் வளைந்துவிட்டன. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பின்கதவை மூட வழியில்லை. கயிற்றால் கட்டிக்கொண்டு பதுளைக்குத் திரும்பினோம். பஸ் ஸ்டாண்டில் ஒரு கொண்டக்டர் தலையை நீட்டி, "பாஸ், வண்டி நாக்கத் தள்ளிடுச்சு. கொஞ்சம் தண்ணி காட்டுங்க" என்றான். ஒரு மாதத்துக்கு என்னைப் பார்த்தவன் எல்லாம் நாக்கை நீட்டினான்.

எங்கள் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். பெயர் வேண்டாம். எங்கள் ஆட்களில் அவரிடம் பேச்சு வாங்காதவன் கிடையாது. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"வெறும் பெட்டியைக் கொண்டுபோய் எதைச் சோதிச்சனீர்? காத்தையோ?"

நான் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"லாச்சி கடுதாசி வைக்கிறதுக்கு ஐசே. நீர் அதுக்குள்ள ஒரு கோழிப்பண்ணையை வைச்சிருக்கிறீர்."

அந்த மனிதர் பாராட்டி நான் எதையும் கற்கவில்லை. எரிச்சலில்தான் கற்றேன். பிரிட்ஜின் கனத்தைப் பார்க்காதீர்கள். நிறைந்த பிரிட்ஜின் கனத்தைப் பாருங்கள். அதையும் உள்ளே இருக்கும்போது பார்க்காதீர்கள், முழுதாக வெளியே நீட்டி நிற்கும்போது பாருங்கள். கடைக்காரன் சொல்கிற கனம் அவன் கடைத் தரையில் நிற்கிற கனம். நம் ரோட்டில் ஒரு குழியில் விழும்போது அது வேறு கனம். இவ்வளவும் பசறை பஜாரில் நாக்கு நீட்டிய செலவில் எனக்குத் தெரிந்தது. ஆனால் லாச்சி என்ற சொல் மட்டும் மண்டையை விட்டுப் போகவில்லை.

அடுத்ததாக, வெளிநாட்டில் செய்த நல்ல சாமானே வாங்குவது என்று முடிவாயிற்று. அந்தோனி, செல்வமேரி, நான் மூன்று பேரும் ரயிலேறிக் கொழும்புக்குப் போனோம். கடையில் இரண்டு வகை இருந்தது. ஒன்று பளபளவென்று, விரலால் தொட்டால் ஓடி வந்தது. உள்ளே தள்ளினால் டிக்கென்று பூட்டிக்கொண்டது. மற்றது கறுப்பு. முரடு. இழுக்கத் தோள் வேண்டும். உள்ளே தள்ளினால் ஒரு கொண்டி விழுந்தது, முழுதாக வெளியே இழுத்தால் இன்னொரு கொண்டி விழுந்தது. அதை விடுவித்தால்தான் திரும்ப உள்ளே போகும்.

செல்வமேரி கறுப்பைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"இதுக்கு மட்டும் ஏன் பாஸ் ரெண்டு கொண்டி வச்சிருக்கான்?"

"வேலை இல்லாதவன் செஞ்சிருக்கான். லாச்சிக்கு எதுக்குங்க ரெண்டு கொண்டி? உங்க வீட்டு அலமாரி லாச்சியத் தொறந்து வச்சிட்டு, தொறந்தது தொறந்தபடியே பூட்டுவீங்களா?"

"இல்லதான்."

"அப்புறம் என்ன. இது பாருங்க, புள்ளைகூட இழுக்கலாம்."

"எனக்கு என்னமோ இந்தக் கறுப்புதான் நல்லதாத் தெரியுது" என்றார் அந்த அம்மா.

"இவ எப்பவும் இப்படித்தான் பாஸ். சேலைக் கடையிலயும் கறுப்பத்தான் எடுப்பா" என்று அந்தோனி சொல்ல, நானும் அவரும் சிரித்தோம். செல்வமேரி சிரிக்கவில்லை. பளபளப்பானதை வாங்கிக்கொண்டு வந்தோம். பாஸ் நான் அல்லவா. கேள்வி கேட்டவர் சமைக்கிறவர்தானே.

ஜீப்பில் பூட்டும்போது இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். பிரிட்ஜுக்கு மேலே பாத்திரம் அடுக்க ஒரு பலகைத் தட்டு. கேட்காமலே செய்து கொடுத்தேன், இலவசம். கராஜின் சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, இந்த முறை பிரிட்ஜை நிறைத்து, இழுத்தும் தள்ளியும் காட்டினேன். முதலாளி பார்த்தார். அவருக்கும் குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. அந்தச் சிமெண்டுத் தரைதான் எங்கள் இரண்டு பேரையும் ஏமாற்றியது. இந்த மலைநாட்டு ஊவா மாகாணம் முழுவதும் தேடினாலும் அதைவிடச் சமமான இடம் கிடைக்காது. அங்கே வைத்து ஊவாவில் ஓடுகிற வண்டியைச் சோதித்தேன்.

முதல் பயணம் மடுல்சீமை. வயதான வெள்ளைக்காரத் தம்பதி. சாமான் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க என்னையும் வரச் சொன்னார் அந்தோனி. பெருமை பார்க்கத்தான் போனேன்.

மடுல்சீமை ரோடு தெரிந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்கள் ஒரு முறை போய்விட்டு வந்து மீதியை வாசிக்கலாம். வழியில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். மேடு. வண்டியின் மூக்கு மேலே, பின்பக்கம் கீழே. வெள்ளைக்காரருக்கு நம் சாமானைக் காட்டுவோம் என்று நான் முன்னால் போய் நின்று, பூட்டை விடுவித்தேன்.

பிரிட்ஜ் என்னைத் தேடி வந்தது. நான் இழுக்கவில்லை, அதுவாகவே வந்தது. வயிற்றில் முட்டி என்னைத் தூக்கித் தேயிலைச் செடிக்குள் போட்டது. மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கை நிறுத்திப் பார்த்தார்கள்.

"யோவ், கொழுந்த மிதிக்காம எந்திரிச்சுப் போ" என்றாள் ஒருத்தி.

"கங்காணி, புது ஆளு ஒண்ணு மல்லாந்து படுத்துப் பறிக்குது. பேர் போட்டுக்கங்க" என்றாள் இன்னொருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள், வெள்ளைக்கார அம்மா உட்பட. நானும் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு சிரித்தேன். தம்பிமாரே, இங்கேதான் கவனிக்க வேண்டும். என் தொழிலில் நான் செய்த பெரிய பிழை தண்டவாளம் வளைந்தது அல்ல. அந்த இடத்தில் சிரித்துவிட்டு மறுபடி ஜீப்பில் ஏறியதுதான். சரிவில் நின்றால் பிரிட்ஜ் தானாக ஓடும் என்று அந்தச் சாமான் என் வயிற்றில் முட்டிச் சொன்னது. நான் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டேன். மேட்டில் வெளியே ஓடி வந்தது இறக்கத்தில் உள்ளே ஓடும் என்று யோசிக்க ஒரு பாஸ் தேவையில்லை. சரிவில் உருட்டிப் பார்க்க ஒரு குரும்பட்டி, ஒரு பிஞ்சுத் தேங்காய், போதும். நான் யோசிக்கவில்லை.

பகலுக்குச் சமைக்க, தோட்டத் தொழிலாளர் லய வீடுகளுக்கு மேலே ஒரு திருப்பத்தில் நிறுத்தினோம். நல்ல காட்சி என்று வெள்ளைக்காரர் கேட்ட இடம். இந்த முறை மூக்கு கீழே. செல்வமேரி பிரிட்ஜை வெளியே இழுத்தார். கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது. மூடியைத் தூக்கினார். அடியில் இருந்த கோழியை எடுக்க வலது கையை முழுதாக உள்ளே விட்டார். இழுத்த கை இப்போது பிரிட்ஜைப் பிடித்திருக்கவில்லை.

பிரிட்ஜ் வீட்டுக்குப் போவது போல உள்ளே போனது. திறந்திருந்த மூடி, நான் இலவசமாகச் செய்து கொடுத்த பலகைத் தட்டில் இடித்து, கையின் மேல் இறங்கியது. நிறைந்த பிரிட்ஜின் கனம் முழுவதும் அந்த மூடியைத் தள்ளியது.

அந்த அம்மா கத்தவில்லை. "ஏங்க, இத இழுங்க" என்று மட்டும் சொன்னார். அந்தோனியும் நானும் சேர்ந்து இழுத்தோம். வழுவழுப்பான சாமான். விரலால் இழுத்தால் வரும் என்று நான் சொன்ன சாமான். இறக்கத்தில் இரண்டு ஆம்பிளைகள் இழுத்தோம்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் கட்டுப்போட்டுக்கொண்டு வந்து, செல்வமேரி ஒரு கல்லில் உட்கார்ந்தார். வெள்ளைக்காரருக்குச் சோறு போட வேண்டுமே. அவர் வாயால் சொல்லச் சொல்ல நான் சமைத்தேன்.

"வெங்காயத்த நறுக்குங்க பாஸ். அப்படி இல்ல. நீங்க அதை வெல்டிங் பண்றீங்க."

சோறு குழைந்தது, கறி கரிந்தது. அந்த வயதான தம்பதி ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார்கள். அந்த நல்ல மனசை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பதுளை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு விரலில் எலும்பு வெடிப்பு. கை பழையபடி மடங்குமா என்று கேட்டதற்கு, கட்டுப் பிரித்த பிறகுதான் தெரியும் என்றார்கள். அந்தோனி அடுத்து வரவிருந்த ஆட்களை எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜீப்பை விற்கிற பேச்சு வந்தது. நான் கராஜில் ஒரு மூலையில் உட்கார்ந்து பஸ் சீட் தைத்தேன். யாரும் நாக்கை நீட்டவில்லை. நீட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கட்டோடுதான் செல்வமேரி கராஜுக்கு வந்தார். ஜீப்பை அந்தோனி ஓட்டி வந்தார். உள்ளே கொண்டுவர விடவில்லை அந்த அம்மா. கராஜுக்குப் பக்கத்து ரோடு இறக்கம். அங்கே மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்தச் சொன்னார். பிரிட்ஜை வெளியே இழுத்து, மூடியைத் தூக்கி, அந்தோனியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். என்னைக் கூப்பிட்டார்.

"பாஸ், கைய உள்ள வைங்க."

"எதுக்குங்க?"

"சும்மா வைங்க. இவரு விடட்டும். லாச்சிதானே."

நான் கையைப் பார்த்தேன். பிரிட்ஜைப் பார்த்தேன். மூடியைப் பார்த்தேன். என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. முதலாளி வெளியே வந்து, கதவில் சாய்ந்து நின்றார்.

"வையுமன். உம்மட கைவேலைதானே" என்றார்.

வைக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நீங்க வைக்கப் பயப்படுற எடத்துல என்னைய வைக்கச் சொன்னீங்க" என்றார் செல்வமேரி. சத்தம் போடவில்லை. வண்டிக்கு எரிபொருள் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்.

"எங்க ஊர்ல காத்துங்க. அப்புத்தளையில எந்த வீட்டுக் கதவுக்கும் மூடினா மாட்ட ஒரு கொக்கி, தொறந்தா மாட்டச் சுவத்துல ஒரு கொக்கி. தொறந்த கதவுதாங்க புள்ள விரல நசுக்கும், மூடின கதவு இல்ல. நீங்க இதுக்கு லாச்சின்னு பேரு வச்சீங்க. இது கதவு பாஸ்."

முதலாளி சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். "விளங்கிச்சோ?" என்று என்னைக் கேட்டார். பிறகு, "எனக்கும் இப்பதான் விளங்குது பிள்ளை" என்று அந்த அம்மாவிடம் சொன்னார். அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தை நான் அதற்கு முன்னும் கேட்கவில்லை, பின்னும் கேட்கவில்லை.

கொழும்புக்குப் போய்க் கறுப்புச் சாமானை வாங்கி வரலாம் என்று அந்தோனி சொன்னார். நான் விடவில்லை. கொழுந்து லொறியின் பின்பலகையைத் தாங்குகிற கொண்டி இருக்கிறதே, அதில் ஒன்றை எடுத்து அறுத்துச் சின்னதாக்கி, முழுதாக வெளியே இழுத்தால் தானாக விழுகிறபடி பூட்டினேன். விழும்போது படாரென்று சத்தம். ஊரைக் கூட்டுகிற சத்தம். அந்தச் சத்தம் வேண்டும். சமைக்கிறவர் பார்க்கத் தேவையில்லை, காது சொல்லும். பலகைத் தட்டைப் பிடுங்கி எறிந்தேன்.

செல்வமேரியைப் பக்கத்தில் நிறுத்தித்தான் உயரம் எடுத்தேன். அதற்கு முன் அந்தோனியை நிறுத்தி எடுத்திருந்தேன், வண்டி அவருடையது என்பதால். அவர் ஆறடி. சமைக்கிற அம்மா நுனிக்காலில் நின்று எட்டிக் கையை விட்டதும் அதனால்தான். கொண்டியை விடுவிக்கிற கைப்பிடியை முதலில் இரண்டு கை வேண்டும்படி செய்தேன், பத்திரமாக இருக்கட்டும் என்று.

"ஒரு கையில கரண்டி இருக்கும் பாஸ்" என்றார் அவர். மாற்றினேன். இடது கையால் விடுவித்துக் காட்டினார். அப்போது இருந்தது அந்த ஒரு கைதான்.

பிறகு அதே இறக்கத்தில் ஜீப்பை நிறுத்தினோம். பிரிட்ஜை நிறைத்து இழுத்தேன். படார். மூடியைத் தூக்கி என் வலது கையை உள்ளே, அடி வரைக்கும் விட்டேன். செல்வமேரி இடுப்பை பிரிட்ஜில் வைத்து, முழுப் பலத்தோடு உள்ளே தள்ளினார். அந்தோனியையும் தள்ளச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். மாதாவையும் சேர்த்துத்தான்.

"கண்ணைத் திறவும் ஐசே. கை கிடக்குது" என்றார் முதலாளி.

அதிலிருந்து ஓய்வு பெறும் வரை, நான் பிரிட்ஜ் பூட்டிய எந்த வண்டியும் அந்த இறக்கத்தில் நிற்காமல் வெளியே போகவில்லை. மேட்டுப் பக்கம் ஒரு தடவை, இறக்கத்துப் பக்கம் ஒரு தடவை, என் கை உள்ளே, வண்டிக்காரன் தள்ள வேண்டும். "அந்தக் கெழவன் கை வச்சானா?" என்றுதான் பதுளையில் கேட்பார்கள். நானும் கராஜில் எவனையும் லாச்சி என்று சொல்ல விடவில்லை. கதவு என்றுதான் சொல்ல வேண்டும். புதிதாக வந்தவன், "பாஸ், பிரிட்ஜுக்குக் கதவு ஏற்கனவே இருக்கே" என்பான். அவனுக்கு முழுக்கதையும் சொல்வேன், மல்லாந்து படுத்துக் கொழுந்து பறித்தது வரை. உனக்கும் சொன்னேன் தம்பி. நீ அந்த இடத்தில் நன்றாகச் சிரித்தாய். மற்றதைக் கேட்டாயா என்று இப்போதுதான் சந்தேகம் வருகிறது.

செல்வமேரியின் கட்டைப் பிரித்தார்கள். ஒரு விரல் பழையபடி மடங்கியது. மோதிர விரல் பாதிக்கு மேல் மடங்கவில்லை, இன்றைக்கும் இல்லை. மாவு பிசையும்போது அது மட்டும் தனியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒன்பது விரலால் அந்த அம்மா தொழிலை நிமிர்த்தினார். பின்னால் அந்தோனி பெரிய வண்டி வாங்கியபோது பச்சை ஜீப் கைமாறியது. கைமாறும்போது, கொண்டியைக் கழற்றாதீர்கள் என்று வாங்கியவரிடம் அந்த அம்மா தனியாகச் சொல்லி அனுப்பினார். வாங்கியவரே இதை என்னிடம் சொன்னார்.

அப்புத்தளையில் அன்றைக்குக் கடையிலிருந்து திரும்பி வந்த அந்தச் சொந்தக்காரரிடம்தான் கேட்டேன், கொண்டி எங்கே என்று. சத்தம் போடுகிறது, வெள்ளைக்காரர் முகம் சுளிக்கிறார்கள் என்று உன்னிடம் கொண்டுவந்தாராம். நீ, "அது பழைய காலத்து லொறிக் கொண்டி சார். லாச்சிக்கு எதுக்குங்க ரெண்டு கொண்டி?" என்று சொன்னாயாம். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு யார் மேல் கோபம் வந்தது என்றே தெரியவில்லை. அது என் வாக்கியம். கொழும்புக் கடையில் நான் சொன்னது, ஒரு எழுத்து மாறாமல். என்னிடம் எதைக் கற்றாயோ இல்லையோ, கற்கக் கூடாத அந்த ஒன்றைக் கற்றிருக்கிறாய்.

உனக்குத் தொலைபேசி எடுத்தேன். "கஸ்டமர் கேட்டாரு, கழட்டினேன் ஐயா" என்று வைத்துவிட்டாய். கஸ்டமர் பிரேக்கையும் கழற்றச் சொன்னால் கழற்றுவாயா? பிரேக் இல்லாத வண்டியும் சத்தமில்லாமல்தான் ஓடும்.

அந்தச் சமையல்காரருக்கு இப்போது வேலை இல்லை. கை மடங்குமா என்று அவருக்கும் கட்டுப் பிரித்த பிறகுதான் சொல்வார்களாம். அதே பதில். அதே ஆஸ்பத்திரி.

இதை நான் உன் வீட்டுக்கு வந்து பேசியிருக்கலாம். பேசமாட்டேன். தனியாகப் பேசினால் மன்னிப்புக் கேட்பாய், தேநீர் கொடுப்பாய், நானும் குடித்துவிட்டு வருவேன். கொண்டி அங்கேயே கிடக்கும்.

மலர் வெளியிடுகிற கூட்டத்துக்கு நம் சங்கத்து ஆட்கள் எல்லாரும் வருவார்கள். மண்டபத்துக்கு முன்னால் இருக்கிற ரோடு இறக்கம். பச்சை ஜீப்பை அங்கே கொண்டுவரச் சொந்தக்காரர் ஒப்புக்கொண்டார். சமையல்காரர் வருகிறார். செல்வமேரியிடம் சொன்னேன், அவரும் வருகிறார். பிரிட்ஜை நிறைத்து வைப்போம், மூக்கு கீழே. செல்வமேரி வைக்கச் சொன்ன அன்றைக்கு நான் கையை உள்ளே வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று எல்லாருக்கும் முன்னால் என்னைக் கேட்டால் பதில் தயார்: நான் மடையன், அதை லாச்சி என்று நினைத்தேன்.

உன் முறை வரும். அந்த இரண்டு பேருக்கும் முன்னால், மைக்கில், எல்லாரும் கேட்க ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போ. அந்தக் கொண்டியைக் கழற்றிய அன்றைக்கு, வண்டியை வெளியே விடுவதற்கு முன், யாருடைய கையை உள்ளே வைத்துப் பார்த்தாய்?